வாசல் எத்தனை என்று கேட்ட பாஸ்

நல்ல மெக்கானிக்கை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டுக்கொண்டு இன்றைக்கும் என்னிடம் ஆட்கள் வருகிறார்கள். போன கிழமை கொட்டாஞ்சேனையில் பேக்கரி நடத்தும் ஒரு பிள்ளை வந்தாள். அவளுடைய குளிர் அறை குளிராமல் பட்டர் எல்லாம் உருகுகிறதாம். தொலைபேசிப் புத்தகத்தைத் திறந்தால் ஒரு பக்கம் முழுக்கக் கொம்பனிப் பெயர்கள்.

"ஆரைக் கூப்பிடுறது எண்டு விளங்கேல்ல ஆன்ட்டி."

"ஆரையாவது கூப்பிடு. வந்தவன் முதல்ல எதைப் பார்க்கிறான் எண்டு பார்."

"மெஷினைத்தானே பார்ப்பான்?"

"மெஷினைப் பார்த்தானெண்டா தேத்தண்ணியைக் குடுத்து அனுப்பிப் போடு."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நான் ஏன் சிரிக்கவில்லை என்பதை அவளுக்குச் சொல்ல அன்றைக்கு நேரம் இருக்கவில்லை. அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்கு மூன்றாம் வகுப்புப் படிப்புத்தான். எழுத்து மெதுவாகத்தான் வரும். மெதுவாக வந்தாலும் முழுவதும் வரும்.

என் பெயர் திரேசா. கொட்டாஞ்சேனையில் பிறந்தவள். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். எங்கள் ஒழுங்கையில் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் சிங்களம், அதனால் இரண்டு பாஷையும் எனக்கு ஒன்றாகவே வந்தன. எது முதல் வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வெள்ளைக்காரன் காலத்தில், இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்தி, வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்த ஐஸ் கொம்பனியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் ஐஸ் உறையவைக்கிற தகரப் பெட்டிகளைக் கழுவினேன். பிறகு ஐஸ் கட்டிகளை மரத்தூளில் புதைத்தேன். பிறகு பெண்களுக்குப் பொறுப்பாக வைத்தார்கள். இவ்வளவும் நடக்கச் சில வருஷம் போனது. அதைச் சொல்லி உங்களை அலுப்பாக்க மாட்டேன்.

முதலாளி சாலிஹு என்பவர், கொம்பனித்தெருக்காரர். நல்ல மனுஷன். ஆனால் அவருக்கு ஒரு குணம் இருந்தது. மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் சத்தம் ஏறும். அவருக்குச் சத்தம் இறங்கும். காலையில் உரத்துப் பேசி எல்லாரையும் ஏசினால் நாங்கள் சந்தோஷமாக வேலை செய்வோம். அவர் தொப்பியைக் கழற்றி, உள்பக்கத்தை விரலால் துடைத்துக்கொண்டு, காதோடு பேசுகிற மாதிரிப் பேசத் தொடங்கினால் நாங்கள் ஆளுக்கொரு மூலையில் வேலை தேடிக்கொண்டு போய்விடுவோம்.

யுத்தம் வந்ததும் அவர் குரல் இறங்கியே இருந்தது. ஐஸ் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் கொம்பனி தன் இஞ்சினியரைக் கப்பல் வேலைக்கு அனுப்பிவிட்டது. உதிரிச் சாமான் வருவதில்லை. கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு விழுந்த பிறகு பாதிச் சனம் ஊரை விட்டுப் போனது. அதோடு மெஷின் தெரிந்தவர்களும் போய்விட்டார்கள். ஹோட்டல், பேக்கரி, லோண்டரி, பால்கடை, எந்தப் பக்கம் போனாலும் ஒரு முதலாளி ஏதோவொரு மெஷினுக்கு முன்னால் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார்.

ஒரு நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். தொப்பி கையில் இருந்தது.

"புள்ள, ஒனக்குச் சிங்களமும் தெரியும், கொட்டாஞ்சேனப் பக்கம் ஆளும் தெரியும். மெஷின் பழகின ஒருத்தன எங்கயாச்சும் தேடிப் புடிச்சிக்கிட்டு வா. எங்கட மெஷின் மூச்சு வாங்குது. எனக்கு ராவைக்கு நித்திரயில்ல."

இப்படித்தான் தகரம் கழுவிய நான் மெக்கானிக் தேடுகிறவள் ஆனேன்.

எங்கள் மெஷின் அமோனியாவில் ஓடியது. ஐஸ் கொம்பனியில் வேலை செய்யாதவர்களுக்குச் சொல்கிறேன். அமோனியா என்பது ஒரு வாயு. குழாய்க்குள் அடைபட்டு இருக்கும்வரை அது தண்ணீரை ஐஸ் ஆக்கும், நல்ல வேலைக்காரன். வெளியே வந்தால் கண்ணையும் தொண்டையையும்தான் முதலில் தேடும். கொஞ்சமாக வந்தால் கண் எரியும். அதிகமாக வந்தால் எரிகிறதா என்று பார்க்கக் கண் இருக்காது. மெஷின் அறைக்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் நான் மூக்கால்தான் நடந்தேன். வீட்டில் சட்டியில் மீன் பொரியும்போதும் என் மூக்கு அந்த வாசத்தையே தேடும். கிழமைக்கு ஒரு தரமாவது கனவில் அது வரும்.

தேடப் போனேன். முதலாளிமாரிடம் கேட்டால் பிரயோசனம் இல்லை என்று சீக்கிரம் விளங்கியது. அவர்களுக்கு மெஷின் ஓடினால் மெக்கானிக் கெட்டிக்காரன், நின்றால் கள்ளன். நான் பின்வாசலால் போய், அங்கே கூட்டித் துடைக்கிற பெண்ணிடம் கேட்பேன்: "அந்த ஆள் வேலை முடிச்சுப் போன பிறகு கீழ என்ன கிடந்தது?" ஒருத்தி ஒரு சிரட்டை நிறைய ஆணியும் அதில் முறுக்குகிற சுரையும் கொண்டுவந்து காட்டினாள். "கழட்டினதில இவ்வளவும் மிச்சமாம் அக்கா. மெஷினுக்குத் தேவையில்லையாம்." அந்த ஆளை விட்டுவிட்டேன்.

மிச்சம் வைக்காதவர்களைத் தேடிப் போய் ஒரே கேள்வி கேட்பேன்: அமோனியா மெஷினைத் திறக்க முன்னம் என்ன செய்வீர்கள்? கொம்பனித்தெருவில் ஒருவர், "ஆண்டவனை நினைப்பேன்" என்றார். நல்ல பதில்தான், ஆனால் போதாது. இன்னொரு வாலிபன் நெஞ்சை நிமிர்த்தி, "எனக்குப் பயமெண்டால் என்னெண்டே தெரியாது" என்றான். அங்கே நான் தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை.

கிராண்ட்பாஸில் ஒரு பேக்கரியின் பின்பக்கம் பியதாச பாஸைக் கண்டேன். சிங்களவர். கைவேலைக்காரரைப் பாஸ் என்பதுதான் எங்கள் ஊர் வழக்கம். மா பிசைகிற மெஷினைக் கழற்றி, ஒரு வெள்ளைத் துணியை விரித்து, கழற்றிய ஒழுங்கிலேயே ஒவ்வொரு துண்டாக அடுக்கியிருந்தார், பல் வைத்தியர் மாதிரி. என் கேள்வியைச் சிங்களத்தில் கேட்டேன். அவர் திரும்பி என்னைக் கேட்டார்:

"அந்த அறைக்கு வாசல் எத்தனை, நங்கி?"

நங்கி என்றால் தங்கச்சி.

"ஒண்டுதான் பாஸ்."

அவர் கையில் இருந்த, சுரை முறுக்குகிற ஸ்பேனர் சாவியைக் கீழே வைத்துவிட்டார். அந்த முகத்தில் பயத்தைப் பார்த்தேன். ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவரைப் போல மரியாதையான மனுஷனை நான் வேலையிடத்தில் கண்டதில்லை. கூட்டுகிற பெண்ணையும் கூலியாளையும்கூட "வாருங்கள், இருங்கள்" என்றுதான் கூப்பிடுவார். வெள்ளவத்தைக்கு வந்த முதல் நாள் மெஷினைத் தொடவே இல்லை. வாசல் கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்து ஒரு கல்லை முட்டுக்கொடுத்தார். இரண்டு சாக்கை நனைத்து வாசலில் போடச் சொன்னார். வினாகிரி கேட்டார், சமையலுக்குப் புளிப்புக்கு ஊற்றுகிற காடி. துணியை வினாகிரியில் நனைத்து எனக்கு ஒன்று, தனக்கு ஒன்று. பிறகுதான் ஒரு கந்தகக் குச்சியைப் பற்றவைத்து, குழாய் குழாயாக அதைப் பிடித்துக்கொண்டு போனார். கந்தகப் புகை அமோனியாவைத் தொட்டால் பால் மாதிரி வெள்ளையாகும். கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி பிடிக்கிற மாதிரி அவ்வளவு மெதுவாக நடந்தார். மெஷினின் தண்டு வெளியே வருகிற இடத்தில், அதைச் சுற்றி அடைப்பு வைத்திருக்கும் கழுத்தில், புகை குபுகுபுவென்று வெளுத்தது.

"இது போகப் போகுது," என்று தனக்குத் தெரிந்த தமிழில் முதலாளியிடம் சொன்னார். "மெஷின் நிப்பாட்ட வேணும். செவர் ஒடச்சி இன்னொரு வாசல் வைக்க வேணும்."

முதலாளி தொப்பியைக் கழற்றினார்.

"செவர ஒடக்கிறதா? ஹோட்டல்காரன்ட லொறி நாளைக்கு வருது பாஸ். அது போகட்டும். பொறகு நீங்க மெஷின நிப்பாட்டுங்க, செவர ஒடைங்க, வேணுமெண்டா என்னயும் ஒடைங்க."

அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. பாஸ் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

மறுநாள் லொறி வந்தது. அந்த மெஷின் அறையைத் தாண்டித்தான் குளிர் அறைக்குப் போகவேண்டும். குளிர் அறையில் ஹோட்டலுக்கான மீன் இருந்தது. பெட்டிகளை வெளியே எடுத்து முடிந்தது என்று நினைத்தோம். பாஸ், "எல்லாம் வெளிய, பொறகு வேலை" என்றார். நான் ஆட்களை வெளியே கொண்டுவந்து விட்டேன். பாஸ் மட்டும் உள்ளே போனார், வாயுவை அடைக்கிற வால்வைப் பூட்ட.

லொறிக்காரன் கடைசியில் ஒரு பெட்டி குறைகிறது என்று முதலாளியிடம் சண்டைக்குப் போயிருக்கிறான். முதலாளி பக்கத்தில் நின்ற வள்ளியைப் பார்த்து, ஓடிப்போய் எடுத்துவா என்றிருக்கிறார். நான் வெளியே வந்த ஆட்களை ஒழுங்கைப் பக்கம் தள்ளி நிறுத்திக்கொண்டிருந்தேன், எனக்குத் தெரியாது, பாஸுக்கும் தெரியாது. அவர் முதுகைத் திருப்பிக் குனிந்திருந்தபோது அவள் அந்தப் பக்கத்தால் குளிர் அறைக்குள் போய்விட்டாள்.

வள்ளி மலைநாட்டுத் தோட்டத்தில் இருந்து வந்தவள். புருஷன் துறைமுகத்தில் வேலை. கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு எங்களிடம் வேலைக்கு வருவாள். கொழும்புக்கு வந்து அதிக நாள் இல்லை. ஒரு சொல் சிங்களம் தெரியாது.

நான் திரும்பி வந்து வாசலில் நின்றேன். சீ என்று ஒரு சத்தம் கேட்டது. பெரிய கேத்தல் கொதிக்கிற மாதிரி. மெஷினின் கழுத்தில் இருந்து வெள்ளையாகப் பீறிட்டது. பாஸ் துணியை வாயில் கடித்துக்கொண்டு வால்வைச் சுற்றினார். அவர் அதை விட்டுவிட்டு ஓடிவரலாம். வந்தால் குழாயில் இருக்கிற அவ்வளவும் வெளியே வரும். ஒழுங்கை நெடுக வீடுகள், பிள்ளைகள். அவர் விடவில்லை.

அப்போது அந்தப் பக்கம் குளிர் அறைக் கதவு திறந்தது. இடுப்பில் மீன் பெட்டியோடு வள்ளி நின்றாள்.

பாஸ் அவளைக் கண்டார். வாயில் இருந்த துணியை எடுத்துவிட்டு, தெரிந்த கொஞ்சத் தமிழும் மறந்துபோய், கத்தினார்:

"என்ன! என்ன!"

சிங்களத்தில் 'என்ன' என்றால் வாருங்கள் என்று அர்த்தம். அந்த நேரத்திலும் அந்த மனுஷனுக்கு மரியாதைதான் வந்தது. வள்ளிக்கு அது தமிழாகக் கேட்டது. ஏதோ கேட்கிறார் என்று நினைத்து அவளும் மரியாதையாகப் பதில் சொன்னாள்:

"ஒண்ணுமில்லீங்க! மீன் பொட்டி தானுங்க!"

அவளுக்கும் வாசலுக்கும் நடுவில் வெள்ளைப் புகை ஏறிக்கொண்டு வந்தது. பாஸுக்கு மரியாதை போய்விட்டது. அடிமாட்டைக் கூப்பிடுகிற மாதிரிக் கத்தினார்:

"வரென்! வரென்! வரென்!"

அதுவும் சிங்களம். வா, வா என்று அர்த்தம். தோட்டத்துத் தமிழில் 'வரேன்' என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும்.

"சரிங்க!" என்றாள் வள்ளி. பெட்டியைக் கீழே வைத்தாள். அவர் வருவார் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு இரண்டும் விளங்கியது. அவர் சொன்னதும் விளங்கியது, அவளுக்குக் கேட்டதும் விளங்கியது. அந்த ஒழுங்கை முழுக்க அப்படி விளங்கியது என் ஒருத்திக்குத்தான். ஆனால் இரண்டு பாஷையும் தெரிந்தவளுக்கு அந்த நிமிஷம் ஒரு பாஷையும் வாயில் வரவில்லை. பயம் என்றால் கை நடுங்கும், கால் நடுங்கும் என்பார்கள். எனக்கு ஒன்றும் நடுங்கவில்லை. நாக்கு மட்டும் கல்லாகிப் போனது.

பிறகு அந்த வாசம் வந்து மூஞ்சியில் அறைந்தது. அறைந்ததில்தான் வாய் திறந்தது.

"வள்ளி! அவர் வரமாட்டார்! நீ வாடி!"

அதற்குள் அவள் கண்ணைப் பொத்திக்கொண்டாள். "அக்கா! எங்கன்னு தெரியலையே அக்கா!"

"குனி! தரையோட வா! என்ர சத்தத்துக்கு வா!"

சத்தம் நிற்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. சொல்லுவதற்கு என்ன இருக்கிறது? யோசிக்காமல் வாயில் வருவது ஒன்றுதான். மாதாவைக் கூப்பிடுகிற மங்கள வார்த்தை செபத்தை உரக்கச் சொல்லத் தொடங்கினேன். சொல்லி முடிய மறுபடி முதலில் இருந்து. வினாகிரித் துணிக்குள் ஒரு மூச்சு, வெளியே ஒரு செபம். இடையில் இருமல் வந்து நின்றுபோனது. உள்ளே அவள் ஊர்கிற சத்தமும் நின்றது. அந்த அமைதியைப் போல ஒன்றை எதிரிக்கும் கேட்கக் கொடுக்க வேண்டாம் ஆண்டவரே. மறுபடி தொடங்கினேன். புகைக்குக் கீழால் முதலில் ஒரு கை வந்தது. நான் நனைந்த சாக்கில் முழங்காலில் விழுந்து அந்தக் கையைப் பிடித்து இழுத்தேன்.

குழாயடியில் அவள் தலையைப் பிடித்துக் கண்ணுக்குள் தண்ணீர் ஓடவிட்டோம். முதலாளி தொப்பி இல்லாமல், வெறுந்தலையோடு, பம்ப் அடித்தார். பாஸ் கடைசியில்தான் வந்தார். வால்வைப் பூட்டிவிட்டார். சீ என்ற சத்தம் நின்றுவிட்டது. வாசலைத் தாண்டி இரண்டு அடி நடந்து, விழுந்தார்.

வள்ளிக்கு ஒரு கண் வெளுத்துப் போனது. மற்றது தப்பியது. பாஸுக்குக் குரல் போய்விட்டது. பிறகு திரும்பி வந்தது ஒரு கிசுகிசுப்பு மட்டும்தான், பனை ஓலையில் காற்றுப் போகிற மாதிரி.

ஆஸ்பத்திரியில் அவள் இருந்த வாட்டுக்கு அவர் வந்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, தான் அவ்வளவு கூப்பிட்டும் அந்தப் பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

வள்ளி கட்டுப்போட்ட கண்ணோடு எழுந்து இருந்தாள். "அவரு என்ன என்னன்னு கேட்டாரு. ஒண்ணுமில்லைன்னேன். அப்புறம் வரேன் வரேன்னாரு. வர்றேன்னு சொன்ன மனுசனை விட்டுட்டு நான் எப்புடிக்கா ஓடுறது?"

அதைச் சிங்களத்தில் அவருக்குச் சொன்னேன். முதலில் சிரித்தார், தோள் மட்டும் குலுங்கியது. பிறகு துவாயால் முகத்தை மூடிக்கொண்டார். வள்ளி பயந்துபோனாள். "அக்கா, நான் தப்பாப் பேசிட்டேனா?"

"இல்லடி. நீ சொன்னது சரி."

"பின்ன ஏன் அழுவுறாரு? நீங்களுந்தான் பாதி செபத்துல நிப்பாட்டிட்டீங்க. நான் செத்தேன்னு நெனச்சேன். உங்கள நான் ஏதும் சொன்னேனா?"

அன்றைக்கே பாஸ் என்னிடம் தமிழ் கேட்டார். வேறொன்றும் வேண்டாம், அவசரத்திலும் மறக்காத மாதிரி 'வெளிய ஓடு' மட்டும் பழகினால் போதும் என்றார். சொல்லிக்கொடுத்தேன். வாயசைத்துப் பழகினார். வார்த்தை சரியாக வந்தது. கட்டிலுக்கு அந்தப் பக்கம்கூடக் கேட்கவில்லை. அதை அவரும் கவனித்தார், நானும் கவனித்தேன்.

வெள்ளவத்தையில் சுவரை உடைத்து இரண்டாவது வாசல் வைத்தார்கள். மேசன் வேலை முடியும்வரை முதலாளி வெயிலில் நின்று பார்த்தார். பிறகு கொழும்பில் எந்த முதலாளிக்கு மெஷின் நின்றாலும் சாலிஹு முதலாளியிடம் கேட்பார்கள், அவர் கொட்டாஞ்சேனைக்கு அனுப்புவார், என்னிடம். பாஸ் தனியே ஒரு வேலைக்கும் போவதில்லை என்று சொல்லிவிட்டார். நான் வாசலில் நிற்கவேண்டும். ஊர் என்னென்னவோ கதைத்தது. பாஸின் பெண்சாதியே எனக்குக் கிரிபத், சிங்கள வீட்டுப் பால்சோறு, கட்டிக் கொடுத்துவிடுவாள். கதைத்தவர்களுக்கு அது தெரியாது.

வேலை இடத்துக்குப் போனால் முதலில் நான் உள்ளே போவேன். யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்க மாட்டேன். உள்ளே ஒருவரும் இல்லை என்று யாராவது சொன்னாலும் அதை நம்பமாட்டேன். தமிழருக்குத் தமிழில், சிங்களவருக்குச் சிங்களத்தில் சொல்லி, ஒவ்வொருவராகக் கையைத் தொட்டு வெளியே விடுவேன். பிறகு பாஸ் போவார். அவருக்குக் குரல் இல்லை, அதனால் சாவியால் குழாயில் தட்டுவார். டக், கொஞ்சம் பொறுத்து, டக். அது கேட்கும்வரை அவருக்கு மூச்சு இருக்கிறது. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் எனக்கு மூச்சு இருக்காது. எத்தனை வேலை செய்தாலும் அந்தப் பயம் பழகவில்லை. பழகாமல் இருந்ததே நல்லது என்று இப்போது நினைக்கிறேன்.

யுத்தம் முடிகிற காலத்தில் இரத்மலானையில், விமானத் திடலுக்குப் பக்கத்தில், பட்டாளத்துக்கு இறைச்சி வைக்கிற குளிர் அறை ஒன்றில் வேலை. ஆட்களை வெளியே எடுத்தேன். பாஸ் உள்ளே போனார். டக். டக். ஒரு விமானம் தலைக்கு மேலால் போனது. அது போன பிறகு காது கொடுத்தேன். ஒன்றும் இல்லை.

பொறுத்தேன். இல்லை.

"பாஸ்!" என்று கூப்பிட்டேன். பதில் சொல்ல அவரிடம் என்ன இருக்கிறது? மூக்கை நீட்டினேன், வாசம் இல்லை. வாசம் இல்லாததும் பயம்தான், என் மூக்குச் செத்துவிட்டதோ என்று. வாசலில் நிற்பதுதான் என் வேலை. இத்தனை காலமும் மெஷின் திறந்திருக்கும்போது அந்தப் படியை நான் தாண்டியதில்லை. அன்றைக்குத் துணியை வாயில் வைத்து, குனிந்து, உள்ளே போனேன்.

பெரிய மெஷினுக்குப் பின்னால் பாஸ் முழங்காலில் இருந்தார். சாவி கை தவறி மெஷினுக்கு அடியில் போய்விட்டது. ஒரு கை அதைத் தேடிக்கொண்டிருந்தது. மறுகையால், நான் பயப்படக்கூடாது என்று, குழாயில் அறைந்துகொண்டே இருந்தார். வெறும் உள்ளங்கை, சத்தம் வரவில்லை. பனி படிந்த அந்தக் குழாய் நெடுக அவர் கை பட்ட இடமெல்லாம் பனி போய் இரும்பு கறுத்துக் கிடந்தது.